பாட்டன் ஊரின் கொடி: கிளாஸ்கோ செல்டிக்கும் சாண்டியாகோ பாலஸ்தீனோவும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் ஆடும் நாளில் மைதானத்தில் அயர்லாந்தின் மூவண்ணக் கொடி பறக்கும். சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் பாலஸ்தீனோ ஆடும் நாளில் பாலஸ்தீனக் கொடி பறக்கும். இரண்டு இடத்திலும் கொடி பிடித்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தக் கொடிக்குரிய மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கப்பலேறி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்; சிலர் அந்தக் கதைக்கு எந்த உறவும் இல்லாதவர்கள்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் முதலில் போவது மொழி. அடுத்து உணவு மாறும், பெயர்கள் மாறும், ஊரில் இருந்த உறவோடு தொடர்பு அறும். நான்காம் தலைமுறைக்கு வரும்போது பூர்வீக ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வீட்டில் ஆள் இருக்காது. அந்த நிலையிலும் ஒரு கால்பந்து கிளப் பூர்வீகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்றால், எப்படி என்று கேட்க வேண்டும். அது யாருக்கு நன்மை செய்கிறது, யாரைக் காயப்படுத்துகிறது என்பதையும் கேட்க வேண்டும். செல்டிக்கையும் பாலஸ்தீனோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

பசியில் பிறந்தது, கடைத்தெருவில் பிறந்தது

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அமெரிக்கா போகப் பணம் இல்லாதவர்களுக்குக் கிட்டிய கரை ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளில் அவர்கள் அடைந்தார்கள். சுரங்கம், துறைமுகம், சாலைப் பணி, நூற்பாலை என்று கிடைத்த கூலி வேலைக்குப் போனார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் டோனிகால், மேயோ மாவட்டங்களிலிருந்து கிழங்கு தோண்டும் பருவ வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

1887 நவம்பர் 6 அன்று, கால்டன் பகுதியில் உள்ள தூய மரியாள் ஆலயக் கூடத்தில் செல்டிக் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பிரதர் வால்ஃப்ரிட். ஸ்லைகோ மாவட்டத்தின் பாலிமோட் என்ற ஊரில் 1840இல் ஆண்ட்ரூ கெரின்ஸ் என்ற பெயரில் பிறந்து, மாரிஸ்ட் சபையில் சேர்ந்து, கிளாஸ்கோவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு போடப் பணம் வேண்டும்; கால்பந்துக்குக் கூட்டம் வருகிறது; நுழைவுக் கட்டணத்தில் சோறு போடலாம். இதுதான் கணக்கு. சோறு தேடிப் பிற சபைகளின் கஞ்சிக் கூடங்களுக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் கத்தோலிக்க மதத்தை விட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் அதில் இருந்தது. 1888 மே 28 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் செல்டிக் 5-2 என்று வென்றது. எதிரே ஆடியது அதே நகரின் ரேஞ்சர்ஸ் கிளப்.

பாலஸ்தீனோவின் பிறப்பில் பசி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சாஹூர் ஆகிய மூன்று ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்டன. ஆட்டோமான் படையில் கட்டாயச் சேவைக்குப் பிள்ளைகளை அனுப்ப மனமில்லாமல் வந்தவர்கள் உண்டு. வணிகத்தில் முன்னேற வந்தவர்கள் உண்டு. முதலில் தோளில் மூட்டையோடு ஊர் ஊராகத் துணியும் சாமானும் விற்றார்கள். பிறகு சாண்டியாகோவின் பத்ரொனாத்தோ பகுதியில் கடை போட்டார்கள். அதன் பின் சிலர் நெசவாலை அதிபர்கள் ஆனார்கள். வறுமை அவர்களை வாட்டியதைவிட இழிவு வாட்டியது. ஆட்டோமான் கடவுச்சீட்டில் வந்ததால் சிலி மக்கள் அவர்களைத் ‘துருக்கியர்’ என்றே அழைத்தார்கள். எந்த ஆட்சிக்குத் தப்பி வந்தார்களோ அந்த ஆட்சியின் பெயரே அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது.

1920இல் கால்பந்து கிளப் தொடங்கியபோது அவர்கள் வைத்த பெயர் பாலஸ்தீனோ. தாங்கள் யார் என்பதை ஊருக்குச் சொல்ல அந்த ஒரு பெயர் போதும் என்று நினைத்தார்கள். இஸ்ரேல் நாடு உருவாக இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. இன்றைய அரசியல் சண்டைக்காக வைத்த பெயர் அது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

இரு சமூகங்களின் வரலாற்றிலும் ஒரே ஆள் வந்துபோகிறார். செல்டிக் தொடங்கிய 1887இல் அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஆர்தர் பால்ஃபர். கடும் அடக்குமுறையால் அயர்லாந்து மக்களிடம் கெட்ட பெயர் எடுத்தவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1917இல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய பிரிட்டன் துணைநிற்கும் என்ற அறிவிப்பை வெளியிட்டவரும் அவரே. கிளாஸ்கோ ரசிகர்களில் பலர் பாலஸ்தீனக் கொடியைத் தங்கள் கொடிபோல ஏந்துவதை வெறும் ஆர்ப்பாட்டம் என்று ஒதுக்க முடியாது. ஒரே பேரரசின் கீழ் நிலம் இழந்த நினைவு அதற்கு அடியில் இருக்கிறது.

பக்கத்துத் தெருப் பகையும் தொலைதூரத் துயரும்

ரசிகர்களின் உணர்ச்சி எங்கிருந்து சூடு பெறுகிறது என்பதில்தான் இரண்டு கிளப்புகளும் பெரிதாக வேறுபடுகின்றன.

செல்டிக் ரசிகருக்குப் பூர்வீகத்தை நினைவூட்ட அயர்லாந்து தேவைப்படவில்லை, கிளாஸ்கோவே நினைவூட்டியது. எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற கேள்வியிலேயே மதமும் பூர்வீகமும் தெரிந்துவிடும். அந்தப் பதிலால் வேலை கிடைக்காமல் போனவர்களின் கதை பல குடும்பங்களில் உண்டு. 1923இல் புராட்டஸ்டன்ட் சபையான ஸ்காட்லாந்துத் திருச்சபையே, ஐரிஷ் இனத்தால் ஸ்காட்லாந்து தேசியத்துக்கு ஆபத்து என்று ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. 2002இல்தான் அந்தச் சபை அதற்காக வருத்தம் தெரிவித்தது. மைதானத்தின் மறுபக்கத்தில் ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகள் கத்தோலிக்க ஆட்டக்காரர்களை எழுதப்படாத விதியாக ஒதுக்கிவைத்தது. 1989இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டன் சேர்ந்தபோதுதான் அது வெளிப்படையாக உடைந்தது. பஞ்சம் முடிந்துவிட்டதே, ஊருக்குப் போகக் கூடாதா என்று கேலி செய்யும் பாட்டு ஒன்றை எதிரணி ரசிகர்கள் பாடிவந்தார்கள். அது இனவெறிப் பாட்டு என்று ஸ்காட்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் கூறியது.

நூறாண்டு தாண்டியும் ‘வந்தேறி’ என்று சுட்டப்படுபவர் தன் வேரை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வார். செல்டிக் ரசிகர்களின் பூர்வீகப் பற்று இவ்வளவு காலம் கூர்மையாக இருந்ததற்கு அவர்கள் அன்பு பாதிக் காரணம். அயலாரின் வெறுப்பு மறுபாதி. இதற்கு விலையும் உண்டு. செல்டிக் ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆயுதக் குழுக்களைப் போற்றிப் பாடுவது, வட அயர்லாந்து வன்முறையில் உறவுகளை இழந்த அண்டை வீட்டுக்காரரைக் குத்துகிறது. பாட்டன் பட்ட துன்பம் பேரனுக்குப் பிறரைப் புண்படுத்தும் உரிமையைத் தந்துவிடாது.

சாண்டியாகோவில் இப்படியொரு பக்கத்துத் தெருப் பகை இல்லை. அந்த நகரத்தில் குடியேறிகளின் கிளப்புகள் மூன்று உண்டு: 1897இல் ஸ்பானியர் தொடங்கிய உனியோன் எஸ்பஞோலா, 1910இல் இத்தாலியர் தொடங்கிய அவுதாக்ஸ் இத்தாலியானோ, பிறகு பாலஸ்தீனோ. மூன்றும் மோதும்போது போட்டி இருக்கும். பூர்வீகத்தைப் பழிக்கும் வெறுப்பு கிளாஸ்கோ அளவுக்கு ஒருபோதும் வளரவில்லை. 2018இல் சிலிக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பாலஸ்தீனோவும் அவுதாக்ஸும் மோதின. பாலஸ்தீனோ கோப்பையை வென்றது. இரண்டு குடியேற்றச் சமூகங்களின் கிளப்புகள் நாட்டின் கோப்பைக்கு ஆடியது சிலிக்கு இயல்பான செய்தியாகவே இருந்தது.

ஆகவே பாலஸ்தீனோ ரசிகரின் உணர்ச்சி தொலைவிலிருந்து வருகிறது. 1948இலும் 1967இலும் நிலம் கைமாறிய செய்தி வந்தது; இன்று காசாவிலிருந்து வருகிறது. 2024இல் ஓர் ஆட்டத்துக்கு முன், வழக்கமாகச் சிறுவர்களின் கையைப் பிடித்து வரும் ஆட்டக்காரர்கள், பக்கத்தில் யாரும் இல்லாமல் கையை மட்டும் நீட்டியபடி மைதானத்துக்குள் வந்தார்கள். காசாவில் மடிந்த குழந்தைகளுக்கான அஞ்சலி அது. செல்டிக்கின் பூர்வீகம் பெரும்பாலும் கடந்த காலத்தில் நிற்கிறது. பாலஸ்தீனோவின் பூர்வீகம் இன்றைய செய்தியில் இரத்தம் சிந்துகிறது.

கொடியை இறக்கச் சொன்ன ஆண்டு, வரைபடத்தை நீக்கச் சொன்ன ஆண்டு

அதிகாரம் இரண்டு கிளப்பையும் ஒரே விதமாகத்தான் நெருக்கியது. 1952 புத்தாண்டு ஆட்டத்தில் ரசிகர் கலவரம் நடந்தது. அதன் பிறகு, செல்டிக் மைதானத்தில் அயர்லாந்துக் கொடியை இறக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் கட்டளையிட்டது. மறுத்தால் கிளப்பையே இடைநீக்கம் செய்யும் நிலை. தலைவர் ராபர்ட் கெல்லி மறுத்தார். அப்போது செல்டிக்குக்குத் துணைநின்றது அதன் பரம எதிரியான ரேஞ்சர்ஸ். எடின்பரோவில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் 1875இல் தொடங்கிய ஹிபர்னியன் கிளப்பின் அன்றைய தலைவர் ஹாரி ஸ்வானோ கொடியை இறக்கச் சொன்னவர்களின் பக்கம் நின்றார். இரண்டு பெரிய கிளப்புகளும் மோதினால் வரும் வசூல் ரேஞ்சர்ஸின் கணக்கில் இருந்திருக்கலாம். எப்படியாயினும் கொடி நின்றது, இன்றும் நிற்கிறது.

2014இல் பாலஸ்தீனோவின் புதிய ஜெர்சியில் முதுகிலிருந்த ‘1’ என்ற எண், 1948க்கு முந்தைய பாலஸ்தீன வரைபடத்தின் வடிவில் வரையப்பட்டிருந்தது. இஸ்ரேலையே இல்லாததாக்கும் வரைபடம் இது என்று சிலியின் யூதச் சமூகத்தினர் வருந்தினார்கள், முறையீடு போனது. சிலி கால்பந்துச் சங்கம் அபராதம் விதித்து அந்த எண்ணைத் தடைசெய்தது. கிளப் எண்ணை மாற்றியது. ஆனால் அந்தச் சில வாரங்களில் உலகம் முழுவதும் பாலஸ்தீனோவின் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. செல்டிக் காட்டியது 1952க்கு முன்பே தனி நாடாகிவிட்ட அயர்லாந்தின் கொடி. அதனால் ‘நட்பு நாட்டின் கொடி’ என்று வாதாட முடிந்தது. பாலஸ்தீனோ காட்டியது இன்னும் தீராத வழக்கில் உள்ள நிலம். அங்கே ஒரு கோடு வரைந்தாலே ஒருவர் இழப்பு இன்னொருவர் அச்சமாகிறது. பூர்வீகத்துக்கு நாடு கிடைத்துவிட்டால் ரசிகர் அதைக் கொண்டாடலாம். கிடைக்காதவரை அவர் செய்வது எல்லாம் அரசியல் என்றே படிக்கப்படும்.

பேரன் எந்த நாட்டுக்கு ஆடுவது?

பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஆட ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து செல்டிக்கில் வளர்ந்த எய்டன் மெக்கீடி, டோனிகாலைச் சேர்ந்த தாத்தா பாட்டி வழியில் அயர்லாந்துக்கு ஆடினார். ஸ்காட்லாந்தின் பல மைதானங்களில் பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. பிறந்த நாட்டுக்குத் துரோகம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள்.

பாலஸ்தீனத்தை ஃபிஃபா 1998இல் உறுப்பினராக ஏற்றது. சில ஆண்டுகளில் சிலியைச் சேர்ந்த நிக்கோலா ஹத்வா அதன் பயிற்சியாளரானார்; சாண்டியாகோவில் பிறந்த ரொபேர்த்தோ பிஷாரா போன்றவர்கள் அணிக்கு வந்தார்கள். அரபு தெரியாத பையன்கள், ஸ்பானிய மொழி தெரியாத தோழர்களோடு சேர்ந்து ஆடினார்கள். காசாவிலும் மேற்குக் கரையிலும் உள்ள ஆட்டக்காரர்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்ட முடியாமல் நின்ற காலத்தில் அந்த இடத்தை நிரப்பியவர்கள் இவர்கள். இதைச் சிலியில் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. மெக்கீடி செய்தது இரண்டு அண்டை நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தது. பிஷாரா செய்தது ஆளில்லாமல் தவித்த அணிக்குத் தோள் கொடுத்தது. ஊர் மக்கள் இரண்டையும் வெவ்வேறு விதமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

திரும்பிப் போகும் வழியிலும் இதே வேறுபாடு. கிளாஸ்கோ ரசிகர் கோடை விடுமுறைக்குப் படகேறி டோனிகால் போய்ச் சித்தப்பா வீட்டில் தங்கலாம். தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் ஐரிஷ் கடவுச்சீட்டும் வாங்கலாம். அங்கிருந்து ஆட்டம் பார்க்க உறவுகள் கிளாஸ்கோவுக்கு வருகின்றன. அவருக்குக் கிளப் என்பது ஊரின் தொடர்ச்சி. சாண்டியாகோ ரசிகர் பெத்லகேமில் உள்ள குடும்ப வீட்டைப் பார்க்க விரும்பினால் இஸ்ரேலின் எல்லைச் சோதனையைத் தாண்ட வேண்டும். அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அவருக்குக் கிளப் என்பது ஊருக்குப் பதிலானது. பாலஸ்தீன மக்களின் இரண்டாவது தேசிய அணி என்று பாலஸ்தீனோவைச் சொல்வது வெற்றுப் புகழ்ச்சி அல்ல.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

இத்தனை வேறுபாட்டுக்கு நடுவிலும் இரண்டையும் வாழவைத்த பண்பு ஒன்றே.

ஹிபர்னியன் தொடக்கத்தில் கத்தோலிக்கர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. 1891இல் நொடித்து நின்று, பிறகு அந்த விதியைக் கைவிட்டுத்தான் மீண்டும் எழுந்தது. செல்டிக் அப்படிக் கதவை அடைக்கவே இல்லை. அதன் மிகச் சிறந்த பயிற்சியாளர் ஜாக் ஸ்டெய்ன் ஒரு புராட்டஸ்டன்ட். 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் கிளப் செல்டிக். அன்று ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள்; அவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், புராட்டஸ்டன்டுகளும் இருந்தார்கள். ஐரிஷ் ஏழைகளுக்குச் சோறு போடத் தொடங்கிய கிளப்பின் மிகப் பெரிய வெற்றி, கிளாஸ்கோ முழுவதற்குமான வெற்றி ஆனது.

பாலஸ்தீனோ 1952இல் தொழில்முறைப் போட்டிக்குள் வந்தது. 1955இல் சிலியின் சாம்பியன். அந்த அணியின் நட்சத்திரம் அர்ஜென்டினாக்காரர் ரொபேர்த்தோ கோல். 1978இல் இரண்டாம் முறை சாம்பியனானபோது தற்காப்பில் தூணாக நின்றவர் சிலி கண்ட மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவரான எலியாஸ் ஃபிகுவேரோவா. இருவரும் பாலஸ்தீனப் பூர்வீகம் உடையவர்கள் அல்லர். கிளப்பின் மைதானம் லா சிஸ்தெர்னாவில், உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. அங்கே வரும் ரசிகர்களில் பலருக்கு அரபு உறவே இல்லை. பக்கத்தில் குடியிருந்து, அந்தப் பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்பைப் பார்த்து வளர்ந்து, அந்த மக்களின் துயரத்தையும் தமதாக்கிக்கொண்டவர்கள்.

2016 ஆகஸ்டில் இரண்டு கதைகளும் ஒரு புள்ளியில் சந்தித்தன. இஸ்ரேலின் ஹப்போயல் பீர்ஷெபா அணி செல்டிக் மைதானத்துக்கு ஆட வந்தபோது ரசிகர்கள் பாலஸ்தீனக் கொடிகளை உயர்த்தினார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் கிளப்புக்கு அபராதம் விதித்தது. அபராதத்துக்கு ஈடாக அறப்பணிக்குப் பணம் திரட்டுவோம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒரு பங்கு பாலஸ்தீனர்களின் மருத்துவ உதவிக்கும், மறுபங்கு பெத்லகேமில் உள்ள ஐதா அகதி முகாமின் லாஜி மையத்துக்கும் போனது. அங்கே சிறுவர்களுக்காக ‘ஐதா செல்டிக்’ என்ற அணி உருவானது. பாலஸ்தீனோவைத் தொடங்கியவர்களின் சொந்த ஊரில், செல்டிக் பெயரில் ஓர் அணி. பசித்த பிள்ளைக்குச் சோறு போடத் தொடங்கிய வேலையை வால்ஃப்ரிட் கிளப்பின் ரசிகர்கள் 129 ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் கப்பலேறிய தமிழர்களின் பேரப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் அணி 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் அந்நாட்டின் சூப்பர் லீகில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகியது. தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி, ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கோப்பையில் 2014இலும் 2018இலும் ஆடியது. இப்படிப்பட்ட பற்றைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 1990இல் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, ஆசியக் குடியேறிகள் எந்தக் கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை விசுவாசத்தின் அளவுகோலாக்கினார். கைதட்டலை வைத்து ஒருவரின் குடியுரிமையை அளப்பது தவறு. செல்டிக் ரசிகர் கிளாஸ்கோவை நேசிப்பதிலும் பாலஸ்தீனோ ரசிகர் சிலியை நேசிப்பதிலும் குறைவைத்ததில்லை. பாட்டன் ஊரையும் பிறந்த ஊரையும் ஒரே மனத்தில் வைக்க மனிதருக்கு முடியும்.

என் முடிவு இது. பரம்பரைப் பட்டியலை மட்டும் நம்பும் பூர்வீகம் தலைமுறைக்குத் தலைமுறை மெலியும். வாரந்தோறும் கூடுவது, பசித்தவருக்குக் கொடுப்பது, அயலாரையும் சேர்த்துக்கொள்வது என்று செயலாக மாறிய பூர்வீகம் நூறாண்டு தாண்டும். கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ ஒரு தமிழ் விளையாட்டுக் கிளப்பை நடத்துபவர்கள் இந்த இரண்டு வரலாறுகளையும் படிக்க வேண்டும். கிளப்பைத் தொடங்கிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வந்த கதையைப் பதிந்துவையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த இனமாக இருந்தாலும் ஜெர்சி கொடுத்து ஆட அழையுங்கள். உங்கள் பேரன் அந்தக் கிளப்பை விட்டுப்போனாலும், அந்தப் பிள்ளை உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான்.